மகளுக்குத் தறி இல்லை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், தறிக்குழிக்குள் கால் வைத்தபடி. அத்தை, அதாவது என் மாமியார், குறுக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டினத்தின் முன்னால். வீட்டுக்காரரின் சித்தப்பா, பட்டு வியாபாரி, நாற்காலியில். என் நாத்தனார், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு. நான், சமையலறை வாசலில்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். நாத்தனார் வேலூரில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தாள். மெட்ராசில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. படிப்பின் பெயர் பெண்ணியல்.

“அது இன்னாம்மா படிப்பு?” என்றார் சித்தப்பா.

“பொம்பளைங்களப் பத்தி, சித்தப்பா. ஊருப் பழக்கம்லாம் எப்படி வந்துச்சு, ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு யாரு பிரிச்சதுன்னு படிக்கறது.”

“பொம்பளையப் பத்திப் படிக்க மெட்ராஸ் போவணுமா? இங்கியே மூணு பேரு கீறீங்க. உங்கண்ணனக் கேளு, பாடமே எடுப்பான்.”

வீட்டுக்காரர் சிரித்தார். நெய்வதை நிறுத்தவில்லை.

“படிச்சா டீச்சரா?”

“இல்ல.”

“பேங்க்கா?”

“இல்ல, சித்தப்பா.”

“அப்ப இன்னா வேலதான் குடுப்பான்?”

“தெரியல.”

அதனால்தான் அத்தை சம்மதித்தாள் என்று நினைக்கிறேன். பொய் சொல்லத் தெரியாத பெண்ணை ஹாஸ்டலில் விடலாம். உதவித்தொகையும் இருந்தது. போனாள்.

நான் சந்தவாசல் பக்கம். அப்பாவுக்கு நிலம். ஐந்தாவதோடு நின்றேன். தறியைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் கிட்டத்தில் பார்த்தேன். வந்த வருஷமே அத்தை என்னைக் குழியில் உட்கார வைத்தாள். முதலில் மிதி. பிறகு குறுக்கே நாடா எறிவது, பார்டர், புட்டாப் பூ. எல்லாம் அத்தை சொல்லிக் கொடுத்தது.

நாத்தனார் அந்தத் தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்ந்தவள். அவளைக் குழியில் இறக்கியதில்லை. தார் சுற்றுவாள். அறுந்த இழையைப் பிணைப்பாள். அவ்வளவுதான். எங்கள் தெருவில் அப்படி. மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், வீட்டு டிசைனும் அவளோடு போய்விடும். மருமகள் வந்தவள், எங்கும் போகமாட்டாள். நான் இதை யோசித்ததே இல்லை. முதல் லீவில் வந்தபோது அவள்தான் கேட்டாள்.

“அண்ணி, நீங்க வெளியாளு. உங்களுக்குத் தறி. நான் இந்த வூட்லயே பொறந்தவ. எனக்கு ராட்டினம். வேடிக்கையா இல்ல?”

“எனக்கு இடுப்பு வலிக்குது. வேணும்னா நீ வந்து உக்காரு.”

“உக்காந்தா அம்மா வெளக்கமாத்த எடுப்பாங்க.”

“எடுப்பாங்க.”

இதைப் பற்றியே படிப்பின் கடைசியில் ஒரு கட்டுரை எழுதினாள். பெரிய புத்தகம் மாதிரி பைண்டு போட்டுக் கொண்டுவந்தாள். அத்தை வாங்கிப் பார்த்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்புறம் ஒரு வருஷம் வீட்டில். கூடப் படித்தவர்கள் ஒவ்வொரு பக்கம் போனார்கள். ஒருத்திக்குப் பத்திரிகையில் வேலை. இன்னொருத்தி, மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் புருஷன் பெண்டாட்டி சண்டைகளில் உட்கார்ந்து பேசுகிற கவுன்சிலர். ஒருத்தி மேலே சட்டம் படிக்கப் போனாள். ஒருத்தி ஒரு கம்பெனியில் ஆளெடுக்கிற பிரிவில் சேர்ந்தாள். யாரையும் இந்தப் படிப்புக்கு இந்த வேலை என்று கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அவரவர் போய்த் தட்டித்தான் வாங்கினார்கள். இவளும் தட்டிக்கொண்டிருந்தாள். மிச்ச நேரம் தார் சுற்றினாள்.

சித்தப்பா வெம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்கு அரிசி மண்டி. நல்ல இடம்.

“எம்.ஏ. ஹிஸ்டரின்னு சொல்லிடுவோம். பெண்ணியல்னா அவங்க பயந்துக்குவாங்க,” என்றார்.

அந்த வாரமே ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வேலை வந்தது. நெசவுத் தெருப் பெண்களைச் சேர்த்துத் தறிப் பயிற்சி நடத்த வேண்டும். சேவூரில் ஷெட்டும் தறியும் அவர்களே போட்டுத் தருவார்கள். ஆறு மாசம் பார்ப்பார்கள். அதற்குள் பத்துப் பெண்களாவது சேர்ந்து நெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

“ஆறு மாசம். வேல நின்னா வெம்பாக்கம். சரியா?” என்றாள் அத்தை.

“சரி.”

சித்தப்பா போய் மாப்பிள்ளை வீட்டில் தவணை கேட்டுவந்தார்.

அவள் வீடு வீடாகப் போய் வயசுப் பெண்களை அனுப்பச் சொன்னாள். எந்த வீட்டில் மகளுக்குத் தறி கிடையாது என்று எழுதினாளோ, அந்த வீட்டிலேயே போய் மகளைக் கேட்டாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

“எங்க பொண்ணு உன் ஷெட்ல கத்துக்கினு, நாளைக்கு யாரு வூட்ல நெய்வா? நீயே சொல்லு,” என்றது ஒரு வீடு.

அடுத்த வீட்டு அம்மா சண்டைக்கு வரவில்லை. காபி கொடுத்துத்தான் கேட்டார்.

“உங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா மொதல்ல?”

அவள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மூன்று மாசம் போனது. ஷெட்டில் இரண்டு பேர். இருவரும் மருமகள்கள்.

ஒரு நாள் காலையில் அத்தையின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, எனக்குத் தறி சொல்லிக் குடு.”

“இன்னாது?”

“ஷெட்ல வந்து சொல்லிக் குடு. எல்லாரும் பாக்கற மாதிரி.”

“கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு. கத்துக்கினு எங்க போய் நெய்யப் போற? அரிசி மண்டியிலயா?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

“டிசைன் வேணாம்மா. வெறும் சேல, ப்ளெய்ன். எந்த வூட்டு டிசைனும் ஷெட்டுக்குள்ள வராது.”

அத்தை, சுற்றிய தாரை எடுத்துப் போட்டு இன்னொன்று மாட்டினாள். அதையும் சுற்றி முடித்தாள்.

“தறியில உக்கார வெக்கலன்னு உனக்கு அவ்ளோ கோவமா?”

“கோவம் இல்லம்மா. படிச்சேன். ஏன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுகினதுக்கு அப்புறமும் உக்காரணும்னுதான் இருக்குது.”

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“நீ இன்னா சொல்ற?”

அதுவரை இப்படி எதையும் என்னிடம் கேட்டதில்லை.

“டிசைன் இல்லன்னா, வூட்ட வுட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே, அத்த.”

மறுநாள் அத்தை டவுன் பஸ் ஏறி சேவூர் போனாள். நானும் போனேன். ஷெட்டின் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். மகளைக் குழியில் இறக்கினாள். கிட்ட நின்று கத்தினாள்.

“கையப் பாக்காத, காலால மிதி. மிதிடி. எம்.ஏ. படிச்ச காலாடி இது?”

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள்.

“பெத்த பொண்ணுக்கே சொல்லிக் குடுக்குதே அந்தம்மா.”

“டிசைன் கிடையாதாமே.”

“இல்லாத டிசைன எவ தூக்கிகினு போவா?”

சிரிப்பு உள்ளேயும் கேட்டது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. இழை அறுந்தது. பிணைத்தார்கள். மறுபடி அறுந்தது. முதல் நாள் ஒரு விரற்கடை துணி வந்தது, கோணலாக.

அத்தை தினமும் போனாள். வீட்டில் தாரும் நானே சுற்றி, தறியும் ஓட்டி எனக்கு முதுகு போனது. அடுத்த வாரம் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். பின்னால் அவள் தங்கை. காபி கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண். இப்படித்தான், ஒவ்வொருவராக.

சித்தப்பா வந்தார். “வெம்பாக்கத்துக்காரங்க பேஜார் பண்றாங்க. ஜல்தியா பதில் சொல்லும்மா.”

“ஆறாவது மாசம் முடியட்டும், சித்தப்பா.”

முடிந்தது. மெட்ராசிலிருந்து நிறுவனத்து அம்மா ஒருவர் வந்தார். நான் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். தறி குறைவு, தினமும் முறை வைத்துத்தான் நெய்வார்கள். அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தறியில், மிச்சப் பேர் சுவரோரம். அந்த அம்மா விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். நாத்தனார் உட்கார்ந்திருந்த தறிக்கு முன்னால் நின்றார்.

“நீயும் இதுல சேர்த்தியா? ஸ்டாஃப் கணக்குல வராதும்மா.”

நாத்தனார் குழியிலிருந்து எழுந்து வெளியே வந்தாள்.

“அப்ப அவளுக்குப் பதிலா என்ன சேத்துக்கோங்க,” என்றாள் அத்தை.

“சொல்லிக் கொடுக்கறவங்களும் கணக்குல வர மாட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு, முதல் தறியிலிருந்து மறுபடி எண்ணினார்.

பதினொன்று.