மஞ்சள் லைட்டைக் கழற்றுவதாக இல்லை

உங்கள் பைக்குக்கு முன்னால் ஒரு யானை நிற்கிறது என்றால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்போது உங்கள் கண்ணில் பட வேண்டும்?

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் எங்கள் ரோட்டில் இல்லை. நான் இருக்கிறேன். ஓசூர் பக்கம் கெலமங்கலத்துக்கு உள்ளே, காட்டை ஒட்டிய ஊர். ராகி முற்றும் மாதங்களில் இந்த ரோட்டில் யானைகள் நடக்கும். விடியற்காலையில் பனி இறங்கிவிட்டால், பைக்கோடு வந்த ஹெட்லைட்டில் முன்சக்கரம் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும். யானை நம்மை நன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் நாம் யானையைப் பார்ப்போம். அதனால் கிராஷ் கார்டில் ரெண்டு மஞ்சள் லைட் மாட்டினேன். ஸ்டைலுக்கு என்றால் நீலம் மாட்டியிருப்பேன். பனிக்குள் போவது மஞ்சள்தான். எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கக் கூடாது என்று ரெண்டையும் தரையைப் பார்க்கத் தாழ்த்தியும் வைத்தேன்.

இதற்குத்தான் ஃபைன். வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் செய்துவிட்டேனாம். அதே ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று, பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட எரியாமல், ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு போகும். அதை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. இல்லாத லைட்டை யார் கண்ணாலும் பார்க்க முடியாது அல்லவா. இருக்கிற லைட்தான் மாட்டும்.

லைட் எனக்காக மட்டும் மாட்டியது என்றால் இவ்வளவு கத்த மாட்டேன். அது அண்ணியின் வேலை.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் திரும்பி வர வாரங்கள் ஆகும். அண்ணி அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகாவுக்குள், சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அதற்குப் பக்கத்துக் கம்பெனியில் நான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்து, இப்போது வெர்னியர் பிடித்து அளக்கிறேன். கம்பெனி பஸ் ஓசூரோடு நின்றுவிடும், எங்கள் ஊருக்கு வராது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அப்பா ராகியும் தக்காளியும் போடுகிறவர், யானையோடு பழகியவர், அதனாலேயே பயப்படுகிறவர். அண்ணி வேலைக்குப் போகிறேன் என்றபோது முதலில் முடியாது என்றார். நான் லைட்டை மாட்டி, ஊர்க்கோடிக்கு அவரைக் கூட்டிப்போய் எரித்துக் காட்டிய பிறகுதான் சரி என்றார். லைட் இருந்தால் அண்ணிக்கு வேலை, இல்லாவிட்டால் கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. இதற்கு எந்தப் போலீசும் திருத்தம் கொண்டுவர முடியாது.

முதல் ஃபைன் பார்டர் தாண்டி ஒரு சிக்னலில் விழுந்தது. ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம், இன்ஷூரன்ஸ் இருந்தது, எல்லாம் இருந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கடைசியில் குனிந்து லைட்டைத் தட்டினார். போனில் ஒரு போட்டோ. அவ்வளவுதான். நான் அங்கேயே கட்டிவிட்டேன். ஆனால் வண்டி அப்பா பேரில் இருந்தது. மெசேஜ் அப்பா போனுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆயுசில் ஒரு ஸ்டேஷன் படி ஏறியதில்லை. அவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் குற்றம் என்று ஒரு வார்த்தையைப் போட்டு, கர்நாடகாவிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது என்று எவ்வளவு சொல்லியும் அது அவர் காதில் ஏறவில்லை. கேஸ் போட்டிருக்கிறார்கள், தன் பேரில் போட்டிருக்கிறார்கள் என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நானும் எல்லாரையும் போல பட்டர்ஃப்ளை நட்டுக்கு மாறினேன்.

இது பார்டர் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றலாம், ரெண்டு இறக்கை வைத்த நட்டு. பார்டருக்கு இந்தப் பக்கம், ஜூஜூவாடியில் ஒரு டீக்கடை இருக்கிறது. உள்ளே, பிஸ்கட் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு நீள அலமாரி. காலையில் பசங்கள் வந்து நிறுத்துவார்கள், லைட்டு, ஏர் ஹாரன், கிராஷ் கார்டு, கட்சிக் கொடிக் கம்பி என்று கழற்றிக் கொடுப்பார்கள், டீ குடிப்பார்கள், சாமியார் மாதிரி சுத்தமான வண்டியில் பார்டர் தாண்டுவார்கள். திரும்பி வரும்போது வாங்கி மாட்டிக்கொள்வார்கள். கடைக்காரர் காசு கேட்க மாட்டார். டீ மட்டும் குடிக்க வேண்டும். ஒருவன் சைலன்சரையே கழற்றி வைத்துவிட்டு, பழசை மாட்டிக்கொண்டு போவான். அவனுக்காக நான் வாதாட வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஃபைன் போட்டால் நானே கை தட்டுவேன். ஆனால் சட்டத்துக்கு அவன் சைலன்சரும் என் லைட்டும் ஒன்றுதான். அங்கேதான் எனக்கு எரிகிறது.

அண்ணிக்கு இந்தக் கழற்றி மாட்டும் வேலை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. நான் நட்டைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பக்கத்தில் நின்று, எதையோ திருடி ஒளித்துவைக்கிற மாதிரி இருக்கிறது என்பார். நான் இது ஸ்மார்ட் மூவ் அண்ணி என்பேன். கொஞ்ச நாள் அப்படித்தான் ஓடியது.

பிறகு பந்த் வந்தது. தண்ணீர் சண்டையில் அவ்வப்போது வருமே, அந்த மாதிரி ஒரு பந்த். கர்நாடகா முழுக்கக் கடை கிடையாது, பஸ் கிடையாது. கம்பெனி மட்டும் கண்டிப்பாக வர வேண்டும் என்றது. விடிவதற்குள் தாண்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நானும் அண்ணியும் கிளம்பினோம். வழக்கம்போல லைட்டை அலமாரியில் வைத்தோம். ஷிஃப்ட் முடிந்து வந்தால், தமிழ்நாட்டு நம்பர் வண்டி எதையும் ரோட்டில் விடவில்லை. பந்த் முடியும்வரை கம்பெனி கேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்த பிறகு விட்டார்கள். ஜூஜூவாடிக்கு வந்தால், எங்கள் பக்கத்துக் கடைகளையும் மூடச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரர் போன் சுவிட்ச் ஆஃப். ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இருட்டு. உள்ளே எங்கேயோ என் ரெண்டு லைட்டும் பிஸ்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன.

ஓசூரில், உங்களோடு வேலை செய்யும் பெண்ணின் ரூமில் தங்கிக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். வெளியே தங்கினால் அப்பா என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அண்ணிக்கும் தெரியும். வண்டியை எடு என்று மட்டும் சொன்னார்.

கெலமங்கலம் தாண்டியதும் பனி. மெதுவாகத்தான் போனேன். ஒரு வளைவில், முன்னால் ரோட்டின் இடது பாதியை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேலே பம்மென்று, பின்னால் லைட் எதுவும் இல்லாமல். வேறு என்ன நினைப்பேன். வைக்கோல் லாரி. வழக்கமான எரிச்சலோடு ஹாரன் அடித்தேன். ஒதுங்கவில்லை. இன்னொரு தடவை நீளமாக அடித்துவிட்டு, வலது பக்கம் ஏற்றி ஓவர்டேக் செய்யப் போனேன்.

லாரி காதை ஆட்டியது.

அண்ணியின் கை என் தோளில் இறங்கியது. நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி ஆஃப் ஆகிவிட்டது. அது நின்று, தலையை மட்டும் பாதி திருப்பியது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. ராகித் தாள் வாசனை வந்தது. யானைக்கே ஹாரன் அடித்தவன் என்று இன்றைக்கு நண்பர்களிடம் பீற்றிக்கொள்கிறேன். அப்போது எனக்கு என் பெயர்கூட ஞாபகம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு குட்டி இருந்திருக்கிறது. குட்டி பள்ளத்தில் இறங்கியது. பெரியது எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு குட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

ஊர்க்கோடியில் அப்பா, பக்கத்து வீட்டு டிராக்டரை ரோட்டில் நிறுத்தி, லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். டிராக்டர் வெளிச்சத்திலேயே எங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னார்.

"லைட்டு மாட்னா எம்பேர்ல கேஸு. மாட்டலன்னா ஆனை. ரெண்டும் வேணாம். நாளையிலேர்ந்து வூட்ல இரும்மா."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் அப்பாவிடம் பேசக் கூடாத வார்த்தைகள். முழுங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி தண்ணீர் குடித்து முடித்து, சொம்பை வைத்தார்.

"வண்டிய எம்பேருக்கு மாத்திக் குடுங்க மாமா. கேஸு எனக்கே வரட்டும்."

"பொம்பள பேர்ல கேஸு வந்தா நல்லாவா இருக்கும்?"

"சம்பளம் எம்பேர்ல வருது. அது நல்லாத்தான இருக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் செவுத்தைப் பார்த்தேன். தக்காளிக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் அண்ணி சம்பளத்தில் வாங்கியது. அப்பா சாப்பிடாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் லீவு. நான் பட்டப்பகலில் ஜூஜூவாடி போய், டீ குடித்து, லைட்டை வாங்கி வந்தேன். பட்டர்ஃப்ளை நட்டு ரெண்டையும் தூக்கிப் போட்டேன். நல்ல போல்ட் போட்டு, ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டு முறுக்கினேன். இனி இது கழன்றால் கிராஷ் கார்டோடுதான் கழல வேண்டும். அண்ணி கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய நீலக் கோட்டு ஒன்றை வெட்டி, எலாஸ்டிக் வைத்து, லைட்டுக்கு ரெண்டு உறை தைத்தார். பகலில் எரிக்கவில்லை என்பது பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்றார். நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். தன் ஆதார் ஜெராக்ஸை சீட்டின் மேல் வைத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அண்ணி வேலைக்குப் போகலாம் என்று அவர் இன்றுவரை வாயால் சொல்லவில்லை.

பெயர் மாற்றும்போதே ஆர்.டி.ஓ. ஆபீசில், லைட்டையும் ஆர்.சி.யில் ஏற்றித் தாருங்கள், யானை வரும் ரோடு என்று கேட்டுப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். அதில் யானைக்கு இடம் இல்லை.

வண்டி அண்ணி பேருக்கு மாறிய அடுத்த வாரமே அதே சிக்னல், அதே போலீஸ்காரர். குனிந்து நீல உறையைப் பார்த்தார். லைட்டுக்கு எதற்குத் தொப்பி என்று கன்னடத்தில் கேட்டார், அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். நான் ஆரம்பித்தேன், எனக்குக் கன்னடம் பாதியில் தமிழாகிவிடும். பின்னால் இருந்து அண்ணி இறங்கினார். அவர் பிறந்தது கர்நாடகாவில், ஆனேக்கல் பக்கம். சண்டை போடவில்லை, காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற குரல்தான்.

"மொதலு ஆனெகெ ஃபைன் ஹாகி சார். அதக்கெ லைட்டே இல்லா."

முதலில் யானைக்கு ஃபைன் போடுங்கள், அதற்குத்தான் லைட்டே இல்லை. பக்கத்தில் சிக்னலுக்கு நின்ற ஷேர் ஆட்டோவே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஃபைனைப் போட்டார். அவருடைய வேலை அது, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போதே கட்டிவிடுகிறாயா என்று என்னைக் கேட்டார். அண்ணி, வண்டி என்னுடையது, என்னிடம் கேளுங்கள் என்றார். பிறகு, கட்ட மாட்டேன், கோர்ட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கோர்ட்டுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அலைய வேண்டும், கட்டிவிடுவதுதான் சுலபம் என்று போலீஸ்காரரே அக்கறையாகச் சொன்னார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"போலாம் தம்பி. பஞ்ச் டைம் ஆச்சு."

அந்த மெசேஜ் அண்ணியின் போனில் இருக்கிறது. அப்பா ஒருமுறை வாங்கிப் படித்தார். தன் பெயர் இருக்கிறதா என்று தேடினார், இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். கோர்ட்டில் என்ன பேச வேண்டும் என்று நான் நாலு பக்கத்துக்குத் தயார் செய்து வைத்திருக்கிறேன். அண்ணி அதைப் படிக்கவில்லை. அவருக்கு ஒரு வரி போதுமாம். தேதி இன்னும் வரவில்லை. பனி ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் எங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.