கல் உடைக்காத நாள்

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சின்னப் பாறைக் கரட்டில், பாலம் கட்டுவதற்காகக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. மிஷன் பள்ளியில் படித்திருந்த எனக்கு, அவர் பேச்சை ஆட்களுக்கும் ஆட்களின் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. சம்மட்டி தூக்குகிற வேலை இல்லைதான். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் நாக்கு மரத்துவிடும். வீட்டில் மனைவி ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

துரையும் கல்லுடைக்கிற ஊர்க்காரர். இங்கிலாந்தில் கடலோரத்துச் சின்னக் கிராமம். மலை நேராகக் கடலில் போய் முடியுமாம். வெட்டிய கல்லைக் கயிறு கட்டிக் கீழே நிற்கும் படகில் இறக்குவார்களாம். வீட்டுச் சுவர், வேலி, கூரை, கல்லறை எல்லாமே அந்தக் கல். மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்வார். நான் பாதிக் கண்ணை மூடியபடி தமிழில் சொல்வேன்.

ஒருநாள், புருஷனோடு வேலைக்கு வருகிற ஒருத்தி கேட்டாள்.

“ஏனுங்க, அந்தூர்லயும் பொம்பளைங்க கல்லு ஒடைக்கறாங்களா?”

இல்லை என்றார் துரை. பெண்கள் வீட்டில் இருப்பார்கள். வேலை நேரத்தில் கல் உடைக்கும் சத்தம் நின்றுபோனால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வருவார்கள் என்றார்.

“நாங்க ஓடியார வேண்டியதில்லீங்க. இங்கயேதான் கெடக்கறோம்” என்று அவள் சிரித்தாள்.

ஆடி மாதத்தில் அவள் புருஷன் செத்துப்போனான். வேட்டு வைத்த பிறகு மேலே தொற்றிக்கொண்டு நின்ற பாறை ஒன்று, அவன் குழிக்குள் இறங்கியதும் சரிந்துவிட்டது. அவள் பத்தடி தள்ளி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். கடப்பாரை போட்டு நெம்பி அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

சேலத்திலிருந்து வந்திருந்த கான்ட்ராக்டர், பிணத்தை வண்டியில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். துரை எழுந்து வந்து என்னிடம் ஏதோ சொன்னார். குரல் உடைந்திருந்ததால் இரண்டாம் முறை கேட்டேன்.

“அவனை அடக்கம் பண்ற வரைக்கும் யாரும் கல்லைத் தொடக்கூடாதுங்கறாரு. அவரு ஊர்ல அப்படித்தானாம். அவங்கப்பன் செத்தப்பவும் அப்படித்தானாம்” என்றேன்.

யாரும் நம்பவில்லை. ஒரு கிழவர், “நெசமாத்தான் சொல்றாரான்னு கேளு சாமி” என்றார். கேட்டேன். நிஜம்தான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் தங்கள் சாமான்களை எடுக்கக் கரட்டுக்கே திரும்பினார்கள். வெயில் இன்னும் இருந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தவர்கள் அப்படியே சாய்ந்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு பெண்களும் தூங்கினார்கள். நானும் தூங்கினேன். பட்டப்பகலில் அந்தக் கரட்டில் யாரும் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

கருமாதி முடிந்ததும் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். இன்னும் சில நாள் வீட்டில் இருக்கச் சொன்னார் துரை.

“ஊட்டுல இருந்து என்னுங்க பண்றது?” என்றாள் அவள்.

அப்பா இறந்த வாரமே தன் அம்மாவும் பெரிய வீடொன்றில் துணி வெளுக்கப் போனாள் என்று அவர் சொன்னார். அதையும் சொன்னேன். “அப்படீங்களா” என்று ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

யுத்தம் தொடங்கியதும் துரை போய்விட்டார். அடுத்த கோடையில் இன்னொருவன் விழுந்து செத்தான். கான்ட்ராக்டர் வழக்கம்போல் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவள்தான் முதலில் சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாரும் வைத்தார்கள். அவர் கத்தினார், நாளையிலிருந்து வேலை கிடையாது என்றார்.

“அடக்கம் பண்ணிப்போட்டு வாரோமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வண்டிக்குப் பின்னால் நடந்தாள். மறுநாள் விடிந்ததும் எல்லாரும் வந்தார்கள். கான்ட்ராக்டர் ஆள் கணக்கு எழுதிக்கொண்டார். அவருக்கும் கல் வேண்டியிருந்தது.