பக்கத்துக் கல்லறைக்கு அடித்த வெள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், இறந்தோர் திருநாளன்று திருகோணமலைச் சேமக்காலையில் நடந்தது இது. கத்தோலிக்கர் இடுகாட்டை எங்கள் பக்கத்தில் சேமக்காலை என்போம். அன்று பின்னேரம் பங்குக் குருவான சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி மந்திரிப்பார். அதற்குள் புல் பிடுங்கி, வெள்ளை அடித்து வைக்காவிட்டால் குடும்பத்துக்கே வெட்கம்.

வழமையாக அப்பாவின் கல்லறையை அக்காதான் பார்ப்பார். அந்த வருடம் அவருக்குக் காய்ச்சல். கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த நான் மார்தட்டிக்கொண்டு புறப்பட்டேன். நடக்க ஏலாத அம்மா, "சிறகு உடைஞ்ச சம்மனசுக்குப் பக்கத்தில. பேரைப் பாத்துச் செய்" என்றார்.

"அப்பாட இடம் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன்.

அந்தச் சம்மனசு, வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறையொன்றின் மேல் நிற்கும் பளிங்குத் தேவதூதர் சிலை. அதன் இடப்பக்கத்துக் கல்லறையில் புல் பிடுங்கி, கொண்டுபோன சுண்ணாம்பு முழுவதையும் அடித்து முடித்தேன். தலைமாட்டில் இருந்த பெயரைப் பாசி மூடியிருந்தது. சுரண்டிப் பார்க்கப் பஞ்சி; சோம்பலில் விட்டுவிட்டேன்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையில் சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறார்.

"தம்பி, இது என்ர மனுசன்ர கல்லறையல்லோ?"

அவசரமாகப் பாசியைச் சுரண்டினேன். யாரோ ஒருவரின் பெயர். சிலைக்கு வலப்பக்கம், முழங்காலளவு புல்லுக்குள் கிடந்ததுதான் அப்பாவின் கல்லறை. என் வாளியில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. சுவாமியார் வர ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைக்க அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெண்மணியோ வாய்விட்டுச் சிரித்தார். "உயிரோட இருக்கேக்கயும் இந்த மனுசன் தன்ர வேலையைத் தான் செய்ததில்லை. இப்பவும் ஆரோ வந்து செய்து குடுக்கினம்! என்ர சுண்ணாம்பு சும்மாதானே கிடக்கு. வாங்கோ, அப்பாவைப் பாப்பம்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னே அவரே புல்லில் கை வைத்தார். சுவாமியார் வந்தபோது இரண்டு கல்லறைகளும் ஈரம் காயாமல் பளிச்சென்று இருந்தன. அந்தப் பெண்மணி என் அப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். நான் அவருடைய கணவருக்குக் கொளுத்தினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று பார்த்தால், "அந்த மனுசனுக்கும் ஒரு செபம் சொல்லு" என்றார்.

அப்பாவை மறக்கவில்லை என்று பெருமைப்பட்ட எனக்கு அவர் படுத்திருக்கும் இடம்கூடத் தெரியவில்லை. அதை ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் காட்டித்தந்தவரின் கணவரை இன்றைக்கும் என் செபத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அவரைச் சொல்லாமல் முடித்தால் அப்பாவுக்குச் சொன்னதும் பாதியில் நிற்பது போலிருக்கிறது.