சொடக்கும் சுவரில் முட்டிய டிரைவரும்

அவளுக்கு ஆபீசில் வைத்த பேர் சொடக்கு. வேலை அப்படி. பட்டனை அமுக்குவாள், திரையில் கார் திரும்பும். ரெண்டையும் செல்போனில் ஸ்லோமோஷனில் பிடித்து, நடுவில் எவ்வளவு நேரம் ஓடிப்போச்சு என்று எண்ணுவாள். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி, அதில் எண்பது துண்டுக்குள் கார் திரும்பினால் ஆடுகிறவனுக்குக் குஷி. தாண்டினால் கெட்ட வார்த்தை.

கேம் ஓடுவது ஆடுகிறவன் வீட்டில் இல்லை, வேறெங்கோ இருக்கும் சர்வரில். கட்டைவிரல் சொன்னது அங்கே போகணும், படம் உருவாகணும், வீடியோவாகச் சுருங்கித் திரும்பி ஓடி வரணும். சினிமா என்றால் கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துச் சமாளிக்கலாம். கேமில் அந்தப் பருப்பு வேகாது. அடுத்து என்ன பண்ணப்போகிறோம் என்று கட்டைவிரலுக்கே தெரியாதே!

அதனால்தான் ஓடுகிற தூரத்தையாவது குறைக்க, கம்பெனி அவள் ஊரிலேயே, மெத்தைக் கடை மாடியில், ஒரு குட்டி சர்வர் அறை போட்டது. ஆறு மாசமாக அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இன்று மேனேஜர் சோதிக்க வருகிறார். தேறாவிட்டால் அறைக்குப் பூட்டு, அவளுக்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய சென்டருக்கு மாற்றல். வீட்டுக்காரரோ டவுன் பஸ் டிரைவர். அவரை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது.

மேனேஜர் வந்தார். கூடவே சுவர் அகலத்துக்கு ஒரு புது டிவியும் வந்தது.

"சின்ன மானிட்டர்ல காட்டினா என்னம்மா கெத்து? சரி, கம்ப்யூட்டர் தெரியாத ஆள் ஒருத்தர் ஆடட்டும்."

சாப்பாட்டு கேரியரோடு படியேறி வந்த டிரைவர் வசமாக மாட்டினார்.

பதினெட்டு வருஷத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழவிடாத மனுஷன், முதல் வளைவிலேயே சுவரில் முட்டினார். ரெண்டாவதிலும்.

"ஏங்க, திருப்புங்க!"

"திருப்பிட்டேன்டி! இதுதான் யோசிச்சு யோசிச்சு வருது!"

"பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?" என்றார் மேனேஜர்.

"பஸ் சொன்ன பேச்சு கேக்கும் சார்."

சொடக்கு செல்போனில் பிடித்து எண்ணினாள். நூற்றித் தொண்ணூறு! நேற்று எழுபதுதானே? மேனேஜர் மாற்றல் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார், பேனா மூடியைக் கழற்றினார். அவள் சர்வர் கணக்கைப் பார்த்தாள், அதே வேகம். ஒயர் அதே ஒயர். அப்புறம் நேற்று இல்லாதது இந்த அறையில் என்ன?

நிமிர்ந்து டிவியை ஒரு முறை முறைத்தாள். கேபிளைப் பிடுங்கிப் பழைய மானிட்டரில் சொருகினாள். கார் வெண்ணெயில் கத்தி மாதிரி வளைந்தது.

"சார், தப்பு உங்க டிவி மேல! படம் வந்ததும் காட்டாம, பவுடர் போட்டு, பொட்டு வெச்சு, அப்புறம்தான் அனுப்புது!"

மறுபடி டிவியில் மாட்டி, செட்டிங்கில் அந்த அலங்காரத்தை நிறுத்துகிற 'கேம் மோட்' என்று இருந்ததைத் தட்டினாள். எண்ணினாள். எழுபத்தாறு. மேனேஜர் அசடு வழிய, கடிதத்தை நாலாக மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

டிரைவர் அதற்குள் ஏழாவது ரவுண்டில் இருந்தார். வளைவுக்கு வளைவு உடம்பும் சேர்ந்து சாய்ந்தது.

"எனக்கும் ஒரு ரவுண்டு..." மேனேஜர் கையை நீட்டினார்.

"வண்டி ஃபுல் சார். அடுத்த வண்டியில வாங்க."

சொடக்கு சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலால் கேரியரை அவள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு. இனி நீ எங்கேயும் போகலையே."