ஐந்து கிளவுஸும் இரண்டு பொய்களும்

இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில், அமீரகத்தின் புஜைராவில் ஒரு பள்ளி மைதானத்தில் என் மகளால் ஆட்டம் நின்றது.

ஹனாவுக்கு ஒன்பது வயது. சிறுமிகளின் சாஃப்ட்பால் டீமில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றுதான் முதல் மேட்ச். ஓடுகிறவர்கள் தொட வேண்டிய செகண்ட் பேஸ் பக்கத்தில் நின்று ஃபீல்டிங் செய்துகொண்டிருந்தாள். எதிரணியில் மூன்று பேர் அவுட். இனி இவர்கள் பேட்டிங், அவர்கள் ஃபீல்டிங். எல்லாச் சிறுமிகளும் பந்து பிடிக்க ஒரு கையில் மாட்டிய தோல் கிளவுஸோடு உள்ளே ஓடி வந்தார்கள்.

என் மகள் மட்டும் நின்றாள். ஷூவால் தரையைத் தேய்த்து இரண்டு கற்களை ஒதுக்கினாள். கிளவுஸைக் கழற்றி, உள்ளங்கைப் பக்கம் மேலே இருக்கும்படி தரையில் வைத்தாள். பிறகு வெறுங்கையோடு நடந்து வந்தாள்.

நடுவர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். "யாருடையது அது?"

"என்னுடையது" என்றாள் ஹனா. எதிரணியின் செகண்ட் பேஸ் சிறுமியைக் காட்டி, "அவளுக்காக வைத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

அந்தச் சிறுமியின் கையில் ரோஸ் நிறத்தில் புதுக் கிளவுஸ் இருந்தது. யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தைகளின் சிரிப்புதான்... ஆனால் சிரிக்கப்படுகிற குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

கோச் மாரிசெல் ஃபிலிப்பைன்ஸ்காரர். கிளினிக்கில் நர்ஸ், லீவு நாளில் கோச். கிளவுஸை எடுத்துக்கொண்டு, ஹனாவிடம் ஏதோ கேட்டுவிட்டு, அம்மாக்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார். பின்னாலேயே ஹனா.

"மேடம், இதுதான் ரூல் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்கிறாள். இந்தியாவில் அப்படி ஒரு ரூல் இருக்கிறதா?"

என் இரண்டு பக்கமும் அம்மாக்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை கோச்" என்றேன். "குழந்தைதானே... மறந்து வைத்திருப்பாள்."

ஹனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிளவுஸை வாங்கிக்கொண்டு போய், பேட்டிங் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறவள். லஞ்ச் பாக்ஸை மூடிய பிறகும் திறந்து பார்க்கிறவள். எதிலும் தப்பு நடந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்தே வாழ்கிறவள். அப்படிப்பட்டவள் அன்று பத்து விநாடியில் செய்த தப்பை எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாது.

அவள் மறக்கவில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

காரில் முதல் ரவுண்டானாவைத் தாண்டினோம். பிறகு பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"உம்மா, நீங்கதானே ரூல்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப ஏன் நான் மறந்துட்டேன்னு சொன்னீங்க? ஐ டிட்ன்ட் ஃபர்கெட்."

நான் ஏசியைக் கூட்டி வைத்தேன்.

"நெக்ஸ்ட் வீக் நான் வரலை" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உங்களிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அவளிடம் சொல்லாமல் விட்ட கதையை.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. அரசாங்க உத்தியோகத்தில் யாரையாவது மிரட்ட வேண்டுமானால், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்களே... அந்தக் காடு எங்கள் ஊர்தான். இங்கே ஒரு விருந்தில், ஊர்ப் பெயரைச் சொன்னதும் சென்னைத் தோழி ஒருத்தி, "ஐயோ, அங்கேயா? குளிப்பீங்களா?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது ஹனா என் மடியில் இருந்தாள்.

அன்றிலிருந்து மகளுக்கு ஊரைச் சலித்துச் சலித்துத்தான் கொடுத்திருக்கிறேன். கடலைச் சொன்னேன், ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைச் சொல்லவில்லை. உருண்டை உருண்டையாக முண்டு மிளகாய் வத்தலைக் காட்டினேன், அது காய்கிற களத்தில் உச்சி வெயிலில் நின்றவர்களைக் காட்டவில்லை. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? ஊருக்குப் போகும்போது அமீரகத்தின் நல்லதை மட்டும் எடுத்துப்போகிறோம். இங்கே வந்து, பிள்ளைகளிடம் ஊரின் நல்லதை மட்டும் சொல்கிறோம். பெட்டி கட்டுகிற பழக்கம் பேச்சிலும் வந்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே ஒரு சாஃப்ட்பால் டீம். அதில் நானும் இருந்தேன் என்பது என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற இரண்டு மூன்று விஷயங்களில் ஒன்று. நான் பெரிய ஆட்டக்காரி கிடையாது. பந்து அதிகம் வராத இடம் என்பதால் என்னை ரைட் ஃபீல்டில் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் மற்ற எட்டுப் பேரும் ஆடுவதைப் பார்க்க வேண்டுமே. தலையில் ஸ்கார்ஃப், அதன் மேல் தொப்பி, முழங்கால் கிழிந்த ட்ராக் பேன்ட்... பேஸை நோக்கிச் சறுக்கி விழுந்து எழுந்தால் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண்ணாக இருக்கும். மதியம் வகுப்பில் போய் அப்படியே உட்கார்ந்து நோட்ஸ் எடுப்பார்கள்.

கேப்டன் முத்துமாரி. கேட்சர். மட்டைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மொத்த மைதானத்தையும் குரலாலேயே நகர்த்துவாள். "ரைட்டு, தூங்குறியா?" என்றால் அது எனக்கு.

எங்களிடம் மொத்தம் ஐந்து கிளவுஸ். ஆட ஒன்பது பேர். எங்களோடு மோத வரும் பக்கத்துக் கல்லூரிகளிடம் மூன்றோ நான்கோ இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு அணிக்குத் தேறும். அதனால் இன்னிங்ஸ் முடிந்ததும் கிளவுஸை அவரவர் நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம். எதிரணிப் பெண் வந்து அதையே எடுத்து, ஒரு தடவை உதறி மாட்டிக்கொள்வாள். வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளையும் பொறுக்கிப் போட வேண்டும். இது முத்துமாரியின் உத்தரவு.

"அவளுகளுக்கு எதுக்குடி நாம முள்ளு பொறுக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அங்க நிக்கப் போறதும் ஒரு புள்ளதான்" என்றாள் முத்துமாரி. அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரே ஒரு பெரிய நகரத்துக் கல்லூரி. ஒவ்வொருத்திக்கும் சொந்தக் கிளவுஸ், பேர் எழுதிய பை. யாரும் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் ஏன் வைக்க வேண்டும்? எங்கள் ஐந்தும் பேஸ்களை ஒட்டி நின்றவர்களுக்குப் போக, எனக்கு வெறுங்கை. பேர்தான் சாஃப்ட்பால்... அந்தப் பந்தை வெறுங்கையில் பிடித்தவர்களிடம் கேளுங்கள்.

கிளவுஸ் இல்லையென்றாலும் உத்தரவு உத்தரவுதானே? ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் ரைட் ஃபீல்டில் முள் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவர்களுடைய ரைட் ஃபீல்டுப் பெண் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே போவாள்.

நான்காவது இன்னிங்ஸில் என் தலைக்கு நேராக ஒரு பந்து வந்தது. இரண்டு கையையும் நீட்டினேன். பட்டது... தெறித்தது. அதற்குள் அவர்கள் இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். என் விரல் வீங்கிவிட்டது.

அடுத்த முறை நான் ஃபீல்டிங்குக்குப் போனபோது, ரைட் ஃபீல்டில் ஒரு கிளவுஸ் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வெறுங்கையோடு தன் டீமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கையை நுழைத்தேன். உள்ளே இன்னும் சூடாக இருந்தது.

அதன் பிறகு என் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. ஒரு ரன்னில் தோற்றோம்.

ஹனா சாஃப்ட்பாலில் சேர்ந்ததும், இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "உங்ககிட்ட ஏன் அஞ்சுதான் இருந்துச்சு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, "கிளவுஸை வெச்சுட்டு வரணும், அதுதான் ரூல்" என்று மட்டும் சொன்னேன். ஊரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

என் கணவருக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. அன்று மார்னிங் டியூட்டி முடிந்து வந்தவர் வீட்டின் அமைதியைக் கவனித்தார்.

"என்னா, உம்மாவும் மகளும் கட்சி பிரிஞ்சாச்சா?"

சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"ஆக, ரெண்டு பொய்."

"ஆமா மச்சான்."

"ரெண்டாவதை முதல்ல போய் சரி பண்ணு. முதல் பொய் பழசு, கொஞ்சம் தாங்கும். கோச் கிட்ட சொன்னது தாங்காது."

எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் முத்துமாரிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் இப்போது அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். முதலில் ஆறும் வயலுமாக இருக்கிற ஒரு மாவட்டத்தில்தான் போஸ்டிங் கிடைத்தது. எல்லோரும் தண்டனையாக நினைத்துப் பயப்படுகிற மாற்றலை, விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் வந்தவள்.

"ஏண்டி, ரூல்னா சொன்ன?" என்று சிரித்தாள். "ரைட்ல நின்னு நின்னு பொய்யையும் எட்ட நின்னே சொல்லிப் பழகிட்ட. புள்ளைய கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

ஹனா வந்து தள்ளி நின்றாள்.

"ஹனா, நான் உங்க உம்மாவோட கேப்டன். ஃபைனல்ல உங்க உம்மா கேட்ச் விட்டாளே, அதைச் சொல்லியிருக்காளா?"

ஹனா என்னைப் பார்த்தாள். ஒரு முழு நாளில் முதல் தடவையாக. "இல்ல" என்றாள்.

"அதையும் சொல்லலியா? சரி, மிச்சத்தை அவ சொல்லுவா. அவதான் சொல்லணும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். கேப்டன் என்றால் கேப்டன்தான்.

சொன்னேன். தண்ணீர் வரிசை, ஐந்து கிளவுஸ், கருவேல முள், வெறுங்கை, இரண்டு ரன், எல்லாவற்றையும். "கோச் கிட்ட நான் சொன்னது பொய். நீ மறக்கலை. எனக்கு வெட்கமா இருந்துச்சு, அதான் உன் மேல போட்டேன். தப்பு என்னோடது" என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போது ஒன்பது வயது முகத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

ஐந்து கிளவுஸ் ஏன் என்று ஹனா கேட்கவே இல்லை. வேறு கேட்டாள்.

"அந்தக் கிளவுஸ் வெச்ச அக்காவோட பேர் என்ன?"

"தெரியாதும்மா."

"கேக்கலையா?"

"கேக்கலை."

"ஒய் நாட்?" என்றாள். அந்தக் கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது.

ஆட்டத்துக்கு வருகிறாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, தன் கிளவுஸை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை, மேட்ச் தொடங்குவதற்கு முன்பு கோச்சிடம் போனேன். ஹனா என் கையைப் பிடித்திருக்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றாள். அதே எதிரணி, அதே அம்மாக்கள், அதே பெஞ்ச்.

"கோச், அன்று இவள் மறக்கவில்லை. அது ரூல் என்று நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் கல்லூரியில் கிளவுஸ் போதாது. அதனால் எதிரணிக்கு வைத்துவிட்டு வருவோம்."

கோச் மாரிசெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உங்கள் முகத்தைப் பார்த்தேன் மேடம். அதனால்தான் அன்று மேலே கேட்கவில்லை" என்றார். பிறகு ஹனாவிடம் குனிந்து, "இங்கே கிளவுஸைத் தரையில் விடக் கூடாது. யாராவது தடுக்கி விழுவார்கள். புரிந்ததா?" என்றார். அவ்வளவுதான். பேஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலை அடிவாரத்து மைதானம் அது. எவ்வளவு பெருக்கினாலும் சின்னச் சின்னக் கற்கள் கிடந்துகொண்டே இருக்கும்.

முதல் இன்னிங்ஸ் முடிந்தது. எல்லாச் சிறுமிகளும் உள்ளே ஓடி வந்தார்கள். செகண்ட் பேஸ் பக்கத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

எழுந்தே விட்டேன்.

ஹனா கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். குனிந்தாள். தான் நின்ற இடத்திலிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எதிரே வந்த ரோஸ் கிளவுஸ் சிறுமி ஏதோ கேட்டாள், இவள் ஏதோ சொன்னாள். பிறகு கற்களைக் கோட்டுக்கு வெளியே வீசிவிட்டு, கிளவுஸோடு ஓடி வந்தாள்.

"என்ன கேட்டா?" என்றேன்.

"என்ன பண்றேன்னு கேட்டா. எங்க ஊர்ல இப்படித்தான்னு சொன்னேன்" என்றாள். தண்ணீர் குடித்தாள். "அவ பேர் மரியம். கேட்டுட்டேன்."

நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை.