நிமிர்ந்து நின்ற தண்ணீர்

வியாழன் இரவு ஒன்பதரைக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினோம். நானும் என் தங்கை தேன்மொழியும். மதுரையில் மாறி, சேலம். இரண்டு பை. ஒரு பையில் துணி. இன்னொன்றில் அவள் கம்ப்யூட்டர். அதை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. பிறகு தீப்பெட்டி ஆபீஸ். இன்றும் அதுதான். தேனு காலேஜ் முடித்தவள். கம்ப்யூட்டரில் படம் போடுவாள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை ஒன்றில் டிசைனர் வேலை காலி. போர்வெல் போடுகிற பெரிய வண்டியைத்தான் ரிக் என்கிறார்கள். ஒரு வண்டிக்குப் படம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஒட்டுகிறோம், வந்து பாருங்கள் என்றார்கள். வண்டிக்காரருக்குப் பிடித்தால் வேலை.

மாமா விருதுநகர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை சொல்லி வைத்திருந்தார். திங்கள்கிழமை சேர வேண்டும். "படம் போட்டு யாரு பொழைச்சா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. பதில் நான்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

தேனுவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டு உன்னை அங்கே விட்டுவிட்டு வர மாட்டேன். அந்தப் பக்கம் படம் போட்டே பிழைக்கிறவர்கள் இரண்டு பேரையாவது பார்க்க வேண்டும். அவளுக்குப் போனில் அப்படிப்பட்டவர்கள் பழக்கம் இருந்தது. பேசி வைத்தாள்.

வெள்ளி, காலை ஆறேகால். சேலம்.

புது பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவினோம். டீ பன்னிரண்டு ரூபாய். அம்மாபேட்டைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். குணசேகரன் வீடு மாடியில். ஐம்பது வயது இருக்கும். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். திரையில் கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு கட்டமும் ஒரு இழை என்றார். அந்தக் கட்டங்களுக்குள் ஒரு யானை நின்றது.

"இது எத்தன நாள் வேலைங்க?" என்றேன்.

"யானை ஒரு நாளும்மா. யானையத் தறி ஒத்துக்கணுமே, அதுக்கு மூணு நாளு. நூல் ரொம்ப நீளமா மேல ஓடிச்சுன்னா வளையல்ல மாட்டி இழுத்துக்கும். அங்கங்க கட்டிப் போடணும். கட்டிப் போட்டதும் தெரியக் கூடாது."

"உங்க டிசைன வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?"

"எடுக்காம? திங்கக்கெழம என் சேல கடைக்குப் போச்சுன்னா, அடுத்த வாரம் பின்னாடி தெருவுல ஓடும்."

"கோவம் வராதா?"

"மொதல்ல வந்துச்சு. இப்ப அவன் பின்னாடியே வரான், நான் முன்னாடி போறேன். அவ்ளோதான்." சிரித்தார். "எடுக்காம உட்டான்னாதான் பயப்படணும்."

தேனு தன் படத்தைக் காட்டினாள். நீளமான மயில். முப்பது அடி நீளம், ஒன்றரை அடி அகலம். தோகை முழுக்க ஆயிரம் கண். நான் பார்த்து அசந்த படம் அது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கை நல்லாருக்கு பாப்பா. ஆனா மூக்க ஒட்டி வெச்சே பாத்திருக்க. எழுந்திரி." அவளைக் கதவு வரைக்கும் பின்னால் நடக்க வைத்தார். "இப்ப எத்தன கண்ணு தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார். பச்சையா இருக்கு."

"பொருள் எங்க இருக்குமோ அங்க போய்ப் பாக்கணும். சேல திரையிலயா இருக்கும்? கல்யாண மண்டபத்துல இருக்கும்."

தேனு முகம் சுருங்கிவிட்டது.  எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றார். இந்த மாடி இந்த வேலையில் கட்டியதா என்றேன். ஆமாம் என்றார். எனக்கு அது போதும்.

வெள்ளி, பகல் பன்னிரண்டு. நாமக்கல்.

சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொன்னார்கள். ஆண்டகளூர் கேட் வழி. இருபுறமும் கோழிப்பண்ணை. நீள நீளமான கூரைகள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் வாடை தெரிகிறது. ஊருக்கு நடுவில் ஒரே பாறை, மேலே கோட்டை. பஸ்ஸில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.

சுமதி கடை மார்க்கெட் சந்தில். முட்டைப் பெட்டி, தீவன மூட்டை, காதுகுத்து பேனர், எல்லாவற்றுக்கும் படம். தனி ஆள். உள்ளே இரண்டு நாற்காலி. நான் ஒன்றில் உட்கார்ந்தேன். வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, அதுல உக்காராதீங்க. அது கஸ்டமர் சேரு. ஃபேன் காத்து வராத எடமாப் பாத்துப் போட்டிருக்கறனுங்க."

"ஏன்?"

"காத்து வந்தா எந்திரிக்க மாட்டாங்களே! பக்கத்துல உக்காந்து, இன்னும் கொஞ்சம் பெருசு, இன்னும் கொஞ்சம் சேப்புன்னு பொழுதுக்கும் சொல்லுவாங்க. போன வாரம் ஒருத்தரு, கோழி சிரிக்கோணும்ங்கறாரு."

"கோழியா?" தேனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான்.

"தீவன மூட்டையில கோழி சிரிச்சாத்தான் ஏவாரம் ஆகுமுங்களாம். அலகு எப்புடிங்க சிரிக்கும்? ரெண்டு நாள் பண்ணையில போய் நின்னு பாத்தன். அப்பறம் கண்ண மட்டும் லேசா மேல தூக்கினன். சிரிச்சிருச்சுங்க."

மூட்டையைக் காட்டினாள். நிஜமாகவே சிரித்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பொம்பளப் பிள்ள தனியா இந்த வேல பாக்கலாமா?"

சுமதி தண்ணீர் கொடுத்தாள்.

"பாக்கலாமுங்க. பேச்சு வரும். கட வெச்ச புதுசுல, ஆம்பளைங்க யாரும் இல்லீங்களான்னு கேப்பாங்க. இப்ப சுமதி இல்லீங்களான்னு கேக்கறாங்க. மூட்டையில என்ற பேரு எங்கயும் இருக்காதுங்க. ஆனா எந்த லாரியில போனாலும் என்ற கோழி எனக்குத் தெரியும்."

எழுந்தபோது, தன் சித்தி வீடு திருச்செங்கோட்டில் இருக்கிறது, மாடியறை காலி, போய் அங்கே தங்குங்கள் என்றாள். போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

வெள்ளி, மாலை ஐந்து. திருச்செங்கோடு.

நாமக்கல்லில் இருந்து பஸ் முப்பத்திரண்டு ரூபாய். மலை தூரத்திலேயே தெரிகிறது. ஊருக்குள் எங்கே பார்த்தாலும் ரிக் வண்டி. பட்டறைகளில் வரிசையாக நிற்கின்றன.

ஸ்டிக்கர் கடைக்காரர் செந்தில். முப்பது வயது. எங்களை நேராகப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வண்டி அங்கே நின்றது. புதுசு. மஞ்சள். அதன் முதுகில் முப்பதடி இரும்புத் தூண் ஒன்று படுத்திருந்தது. மாஸ்ட் என்கிறார்கள். துளை போடும் குழாயைத் தாங்குவது அதுதான். அதன் இரண்டு பக்கத் தகட்டிலும் தேனுவின் மயில். அழகாகத்தான் இருந்தது. தேனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிக்காரர் துரைசாமி வந்தார். வெள்ளை வேட்டி. சுற்றி வந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"செரி. தூக்குப்பா."

டிரைவர் ஒரு கைப்பிடியை இழுத்தார். மாஸ்ட் வண்டியின் பின்பக்கம் ஊன்றி, மெல்ல எழுந்தது. கேபின் மேல் இருந்த முனை வானத்துக்குப் போனது.

மயிலும் எழுந்தது. கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, முதுகு ஒரு பக்கம் திரும்பி, தலை கீழே. தோகை மேலே.

பட்டறையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

"ஏனுங்க அம்மிணி," என்றார் துரைசாமி. அவர் சிரிக்கவில்லை. "மயில உரிச்சு மாட்டற மாதரி மாட்டிப்போட்டீங்களே. போற ஊர்ல எல்லாம் இதத்தான் பாப்பாங்க."

செந்தில் தலையில் கை வைத்தார். "மாஸ்ட் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"போட்டோவுல படுத்திருந்துச்சு சார்," என்றாள் தேனு. "நீளம் அகலம் மட்டும்தான் சொன்னீங்க."

செந்திலுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது. ரிக் என்றால் நிமிரும். அதை யார் சொல்லித் தருவார்கள்.

"ஞாயித்துக்கெழம காத்தால பூச," என்றார் துரைசாமி. "கமுதிப் பக்கம் வேல ஒத்துக்கிட்டன். அதுக்குள்ள ஆச்சுன்னா ஒட்டுங்க. இல்லீன்னா வெறும் மஞ்சளாவே போகட்டும்."

சனி. திருச்செங்கோடு.

தேனு காலையில் எழுந்ததும் பட்டறைக்குப் போகலாம் என்றாள். போனோம். படம் போடவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வண்டிகளைப் பார்த்தாள். எந்த வண்டி மாஸ்ட் எழுந்தாலும் எட்டப் போய் நின்றாள். கிட்டே வந்தாள். மறுபடி எட்டப் போனாள். மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். குழாய் இறங்கும்போது எல்லோரும் கீழே பார்க்கிறார்களாம். தண்ணீர் வந்ததும் மேலே பார்க்கிறார்களாம். ஒரு டிரைவர் சொன்னார்.

"எவ்வளவு உசரம் வரும்ணே?"

"நல்ல தண்ணின்னா மாஸ்ட்டுல பாதி அடிக்கும் கண்ணு. எல்லாரும் நனைஞ்சு போயிருவோம்."

அவள் எழுந்தாள். "அக்கா, தீப்பெட்டி இருக்கா?"

என் பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். பெட்டியை வண்டியாக வைத்தாள். ஒரு நீளக் காகிதத்தை மடித்து அதன் மேல் படுக்க வைத்தாள். இரண்டு பக்கமும் பேனாவால் ஒரே மாதிரி அலை வரைந்தாள். நிமிர்த்தினாள். இடப்பக்கம் அலை மேலே போனது. வலப்பக்கம் திருப்பினாள். அலை கீழே போனது.

"ஐயோ," என்றாள்.

எனக்கும் புரிந்தது. போர் போடுகிற வண்டியில் தண்ணீர் பூமிக்குள் இறங்கினால் யார் கூப்பிடுவார்கள்?

"வலப்பக்கத்துக்குத் திருப்பிப் பிரிண்ட் அடிக்கணும் சார். ரெண்டுக்கும் ஒரே படம் ஒட்டக் கூடாது," என்று செந்திலிடம் சொன்னாள். செந்தில் தீப்பெட்டியை வாங்கி அவரே இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

செந்தில் கடையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். பிற்பகல் மூன்றுக்குள் படம் முடிந்தது. நீலமும் வெள்ளையும் மட்டும். அடியில் கெட்டியாகத் தொடங்கி, போகப் போகச் சிதறி, நுனியில் துளிகள். கண், தோகை, நகாசு எதுவும் இல்லை. மயிலுக்குப் பத்து நாள் ஆனது. இதற்கு நான்கு மணி நேரம். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"ஏட்டி, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா. கதவு வரைக்கும் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடியது.

செந்திலும் இரண்டு ஆட்களும் மயிலைச் சூடு காட்டி உரித்தார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, புதுசை வைத்து, ரப்பர் கட்டையால் இழுத்து இழுத்து ஒட்டினார்கள். தேனுவும் ஏணியில் ஏறி இழுத்தாள். இறங்கியபோது முழங்கை வரை சோப்பு நுரை.

ஞாயிறு, காலை ஏழரை.

பூசைக்கு முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். வண்டிக்கு மாலை. டயர்களுக்குக் கீழே எலுமிச்சை. துரைசாமி வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மாஸ்ட் படுத்திருந்தது. அதில் ஆறு மாதிரி ஒன்று கேபினை நோக்கி ஓடியது. 

"தூக்குப்பா," என்றார் துரைசாமி.

மாஸ்ட் எழுந்தது. தேனு கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை.

ஆறு எழுந்து நின்றது. பூமியிலிருந்து பீறிட்டு, முப்பதடி மேலே போய், வானத்தில் துளித்துளியாகத் தெறித்தது. பின்னால் வானமும் நீலம்.

ஒரு பெண் குலவை போட்டாள். பட்டறைக்காரர்கள் விசில் அடித்தார்கள். வெள்ளிக்கிழமை முதலில் சிரித்தவன்தான் சத்தமாக அடித்தான். துரைசாமி மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் மேலேதான் போனது. திரும்பி வந்தார்.

"அம்மிணி, கண்ணத் தொறந்து பாரு சாமி. நீ போட்டதுதான்."

தேங்காயை அவள் கையில் கொடுத்தார். "ஒடை." உடைத்தாள். சரிபாதியாக உடைந்தது.

பக்கத்துப் பட்டறைக்காரர் வேலி ஓரமாக வந்தார். "ஏனுங்க செந்திலு, என்ற வண்டி அடுத்த மாசம் வருதுங்க."

"அம்மிணிகிட்டயே கேளுங்க," என்றார் செந்தில். "எங்க டிசைனரு."

நான் ஓரமாகப் போய் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, தேனு விருதுநகர் வர மாட்டா."

"ஏன்?"

"வேல கெடச்சிருச்சு."

"படம் போடுற வேலையா?"

"ஆமா."

"நல்லா விசாரிச்சியா?"

"மூணு பேரு. போதும்."

மாமா செருமிக்கொண்டார். பிறகு, "பிள்ளைக்குப் போர்வை இருக்கா?" என்று கேட்டார்.

ஞாயிறு, பிற்பகல்.

தேனு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாள். அழவில்லை. நானும் அழவில்லை. தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். வைத்துக்கொள் என்றேன்.

நாமக்கல்லில் மதுரை பஸ் ஏறினேன். இடப்பக்க ஜன்னல். கரூர் தாண்டி அரவக்குறிச்சி பக்கம், முன்னால் ஒரு மஞ்சள் வண்டி மெதுவாகப் போனது. எங்கள் டிரைவர் வலப்பக்கம் ஒதுங்கி முந்தினார். என் ஜன்னலுக்கு நேராகத் தண்ணீர் ஓடியது. வண்டியோடு சேர்ந்து முன்னால் ஓடியது. அது வலப்பக்கம். தீப்பெட்டியில் கீழே இறங்கிய பக்கம்.

பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா, கூடவே ஓடியாருது."

"என் தங்கச்சி போட்டது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திரும்ப வண்டியைப் பார்த்தார். அது பின்னால் போகும் வரை இரண்டு பேரும் பார்த்தோம்.

அந்த வண்டி எங்கள் பக்கம்தான் வருகிறது. கமுதி, எங்கள் ஊரைப் போலவே கரிசல். போர் போட்டுப் புழுதி மட்டும் வந்த புஞ்சைக் காடுகள் அங்கே நிறைய. அந்த மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ. மாஸ்ட் நிமிரும்போது சனம் கூடி நிற்கும். முதலில் மேலே ஏறுவது தேனுவின் தண்ணீர்தான்.