அத்தானுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

அந்தத் தெருவில் எட்டு டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஆட்கள் கவிழ்வது பெரும்பாலும் அந்த எட்டில்தான் என்பதால் பெயரும் அதிலேயே நின்றுவிட்டது.

அதற்கு முன்னால் அவள் கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை இழுத்து மூடியபோது, பார்சல் வாங்கிய பெண்களே, "எங்களுக்கும் வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்கக்கா" என்று வாசலில் வந்து நின்றார்கள். அவள் கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. தொண்டை கிழியக் கத்துவாள். விழுந்தவரைத் தூக்குவதற்கு முன் வண்டியைத் தூக்குவாள். ஆனாலும் விழுந்தவர்கள் மறுநாள் வராமல் இருந்ததில்லை. அந்த ஒன்றை அவள் கணக்கில் எழுதலாம்.

தெருவில் வைத்துக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று போலீஸ்காரர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். முறையான பயிற்சிப் பள்ளியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு திடல் காட்ட வேண்டும். அவள் விண்ணப்பித்தாள். திடலைப் பார்வையிட ஆய்வாளர் வரப்போகும் தேதியும் குறித்தாகிவிட்டது. அன்று திடல் இல்லையென்றால் பள்ளியும் இல்லை, பிழைப்பும் இல்லை.

வீட்டை ஒட்டி அவளுக்கு மனை இருந்தது. மனையின் மேல் அத்தான் இருந்தார்.

அதாவது, அக்கா வீட்டுக்காரரின் சாமான்கள் இருந்தன. அவர் ஒரு காலத்தில் கட்டட கான்ட்ராக்டர். கான்கிரீட் கலக்கும் மெஷின், சாரம் கட்டும் இரும்புக் குழாய்கள், தகடுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கி, "ஒரே ஒரு வாரம்மா, அடுத்த சைட் கெடச்சதும் எடுத்துக்கறேன்" என்றார். அந்த வாரம் ஆறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அவர் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணியும் கீலும் எடுத்துக் கொடுக்கிறார். எப்போது கேட்டாலும், "பெரிய வேலை ஒண்ணு பேசிக்கிட்டிருக்கேன்" என்பார். பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை.

கடைசியில் அவள் ஒரு வக்கீலம்மாவிடம் போனாள். அவளிடமே எட்டுக் கற்றுக்கொண்டு, முட்டியில் தழும்போடு லைசென்ஸ் வாங்கியவர்.

"எல்லாத்தையும் தூக்கி ரோட்டுல போட்டுடலாமா மேடம்?"

"போட்டீங்கன்னா அவர் உங்க மேல கேஸ் போடலாம். நிலம் உங்களோடது, பொருள் அவரோடது. ஒண்ணு இன்னொண்ண முழுங்கிடாது. முதல்ல எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், ஒரு மாசம் டைம் தரணும். அப்பவும் எடுக்கலைன்னா முறைப்படி வித்து, வந்ததை அவர் கையிலயே கொடுத்துடலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் எல்லாம் பத்திரமா இருக்கணும். ஒரு குழாய் காணாமப் போனாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"எவனாவது திருடிக்கிட்டுப் போகமாட்டானான்னு நான் தினம் வேண்டிக்கிட்டிருக்கேன் மேடம்!"

"இன்னையோட அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிடுங்க."

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, சொந்த அத்தானுக்கு வக்கீல் நோட்டீஸா? உனக்கே இது நல்லா இருக்கா?"

"வாயால சொல்லி வாய் வலிச்சதுதான்க்கா மிச்சம்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அனுப்பினதுதான் அனுப்பினே, என் வீட்டையும் அதுல சேர்த்திருக்கக் கூடாதா? மழையில நனையக் கூடாதுன்னு அந்த மெஷினோட மோட்டாரை என் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கார். பெருக்கும்போதெல்லாம் தொடப்பம் மாட்டிக்குது."

"அத்தான் என்ன சொன்னார்?"

"நோட்டீஸை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு சாப்பிடாமக் கெளம்பிட்டார். பாவம்டி."

அந்தப் 'பாவம்' அவள் காதில் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பொருளை ஒழித்துக்கட்ட முடிவுசெய்த பிறகுதான் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியிருக்கிறது என்பது அவளுக்கு வேடிக்கையாகப்பட்டது. மெஷினுக்குத் தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினாள். குழாய்களைக் கட்டிச் சங்கிலி போட்டாள். "டீச்சர், மெஷினுக்குக் குளிருமா?" என்று கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் கேட்டாள். "நீ முதல்ல பிரேக்கைப் பிடி" என்றாள் இவள்.

ஒரு மத்தியானம் சங்கிலிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினால், பழைய இரும்பு வாங்குகிறவன் நான்கு குழாய்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு முனை திரும்புகிறான். ஆறு வருஷத்து வேண்டுதல் பலித்துத் தெருவில் உருண்டு போகிறது. அவளோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு அதைத் துரத்தினாள். வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவள் போட்ட சத்தத்தில் இரண்டு கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்கள்.

"சும்மா கெடந்த இரும்புதானேக்கா!"

"சும்மா கெடக்கல. நோட்டீஸ்ல கெடக்கு. திருப்புடா வண்டியை!"

செய்தி ஹார்டுவேர் கடைக்கு எட்டியது. சாயங்காலமே அத்தான் வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டும் வராமல் மனையிலேயே நின்று தார்ப்பாயையும் சங்கிலியையும் பார்த்தார்.

"நோட்டீஸும் குடுக்கறே, காவலும் காக்கறே. நீ யார் பக்கம்மா?"

"சட்டத்துப் பக்கம் அத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிரித்து முடித்ததும் தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்தபடி சொன்னார்: "வெக்க வேற எடமும் இல்ல. விக்கவும் மனசு வரல. இது போயிடுச்சுன்னா நான் கடையில ஆணி எடுத்துக் குடுக்கறவன் மட்டும்தான்."

ஒரு மனிதர் தன்னை யார் என்று நினைத்துக்கொள்கிறாரோ, அதைக் கழற்றி மாட்டிவைக்கவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் ஏன் தன் மனையாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்பது நியாயம்தான். நியாயம் என்பதாலேயே எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட முடிவதில்லை.

"ஆய்வாளர் வர்றதுக்குள்ள இடம் காலியாகணும் அத்தான்" என்று மட்டும் சொன்னாள். "இல்லைன்னா நானும் எட்டு டீச்சர் இல்ல."

அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

கெடுவின் கடைசி நாள் காலையில், ஆட்டோவில் அக்காவையும் மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு அத்தான் வந்தார். "கெடக்கற பொருளை எவனும் மதிக்கமாட்டான். ஓடறதைப் பார்க்கணும்" என்றார். மோட்டாரை மாட்டி, பல் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ஒயரை வீட்டுக்குள் இழுத்துச் சொருகினார். மெஷின் இருமியது, குலுங்கியது, பிறகு கடகடவென்று சுற்றத் தொடங்கியது. துருத்தூள் பறந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சத்தத்தையா என் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தீங்க!" என்றாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருவில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார் வந்து வேலியோரம் நின்றார். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார்.

"வெலைக்குக் குடுக்கறதா அண்ணே?"

எட்டு டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் அவசரப்படவில்லை. கொத்தனாரின் கைகளைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சா தினம் கழுவி வெப்பியா?"

"கழுவாம விட்டா உள்ள சிமெண்ட் கல்லாட்டம் புடிச்சுக்கும்ல. அப்புறம் சுத்தியல எடுத்து யார் தட்டறது?"

"குழாய், தகடு எல்லாம் சேர்த்து எடுத்துக்க" என்றார் அத்தான். "எல்லாம் ஒரே குடும்பம், பிரிக்காதே." பிறகு இவள் பக்கம் திரும்பி, "உன் வக்கீலம்மாகிட்ட சொல்லிடு, நானே எடுத்துட்டேன்னு. நீ வித்ததா இருக்கக் கூடாது" என்றார்.

"நீங்கதான் எடுத்தீங்க அத்தான். நான் சாட்சி."

லாரி வந்தது. எதை முதலில் ஏற்றுவது, எதை எதன் மேல் சாய்ப்பது என்று அத்தான் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொத்தனாரின் ஆட்கள், "சரிங்க, சரிங்க" என்று ஓடினார்கள். லாரி கிளம்பும்போது, குழாய் சரியாமல் இருக்கிறதா என்று பார்க்க அவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். "சாப்பாட்டுக்கு வந்துடுங்க!" என்று அக்கா கத்தினாள்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். மண் இன்னும் பள்ளமும் துருவுமாக இருந்தது. நீளத்தையும் அகலத்தையும் நடந்து பார்த்தார்.

"இது உங்க சொந்த இடமா?"

"ஆமா சார்."

"முழுசாவா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து முழுசா சார்" என்று சொல்லிவிட்டு, நர்ஸின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தாள். "போடு எட்டு. கால் கீழ பட்டுச்சு, தொலைச்சுடுவேன்."